வெடியுப்பு போன வழியும் வந்த வழியும்

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி, தனியே நிற்கும் சின்ன அறையில் அது நடக்கும். உள்ளே இரும்புச் சாமான் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு கிடக்கும். பொருள்களைச் சலித்து, அளந்து, கையால் அளைந்து கலக்குகிறார்கள். அங்கே வந்து சேரும் மூட்டைகளில் மிகப் பழைய சரித்திரம் உடையது வெடியுப்பு. வேதியியல்காரர்களுக்குப் பொட்டாசியம் நைட்ரேட். வெள்ளைப் படிகமான அது தானாக எரியாது. கூட இருப்பதை எரியவைக்கும். கரியும் கந்தகமும் வெளிக்காற்றை எதிர்பார்க்காமல் ஒரு நொடியில் எரிந்து தீர்வதற்கான ஆக்சிஜனைத் தனக்குள் அடைத்து வைத்திருக்கிறது. நூறு கிலோ கருமருந்தில் 75 கிலோ வெடியுப்பு, 15 கிலோ கரி, 10 கிலோ கந்தகம். அதிர்வெடிக்கும் வெளிச்சத்துக்கும் அலுமினியப் பவுடர் வந்துவிட்டது என்றாலும், திரிக்கும் வாணத்தை மேலே தூக்கிவிடுவதற்கும் இன்றும் கருமருந்து வேண்டும்.

துப்பாக்கி என்று ஒன்று வந்த நாளிலிருந்து சுமார் ஐந்நூறு ஆண்டுகள் உலகத்தின் எல்லாப் போர்களும் இந்த மூன்றையும் நம்பித்தான் நடந்தன. கரி எந்த ஊரிலும் சுடலாம். கந்தகம் எரிமலை நாடுகளில் தாராளமாகக் கிடைத்தது. கிடைக்காமல் அரசுகளை அலைக்கழித்தது வெடியுப்புதான். ஒரு நாடு தன் ஆயுதத்துக்கு நண்பனை நம்பியிருக்கலாமா என்று இன்று போர் விமானத்தையும் ஏவுகணையையும் முன்வைத்துப் பேசுகிறோம். அந்தக் கேள்வியை இந்த உப்பு மூன்று நூற்றாண்டுகளாகச் சுமந்து திரிந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு, இப்போது பட்டாசு செய்யும் இதே கரிசல் மண்ணில் நடந்தது.

அதன் சொந்த ஊர் பீகார். சாரன், சம்பாரண், திர்ஹுத் பகுதிகளில் மாடும் மனிதரும் நெருங்கி வாழ்ந்த கிராமத்து மண்ணில் சாணமும் மூத்திரமும் அடுப்புச் சாம்பலும் காலகாலமாக ஊறிக் கிடந்தன. மழை ஓய்ந்த மாதங்களில் தரையின் மேல் வெள்ளையாகப் பூக்கும். நுனியா என்ற சாதியார் அதைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சிப் படிகமாக்கினார்கள். வெயிலிலும் புகையிலும் நின்று செய்யும் வேலை, கூலி அற்பம். படிகம் மூட்டையாகிப் பட்னா வந்து, கங்கையில் படகேறி ஹூக்ளி போய், அங்கே கப்பலின் அடித்தட்டில் ஏறியது. கப்பல் சாயாமல் நிற்க அடியில் எப்படியும் கனம் வேண்டும். கல்லுக்குப் பதில் விலைபோகும் சரக்கையே கனமாக வைத்து லண்டன் கொண்டுபோனது கிழக்கிந்தியக் கம்பெனி.

ஐரோப்பாவில் இதற்கு ஈடு இல்லை. அங்கே அரசாங்க ஆட்கள் குடியானவர்களின் தொழுவத்தையும் பழைய மண்சுவரையும் தோண்டிச் சுரண்டிக்கொண்டு போவார்கள். மக்கள் அவர்களைக் கண்டாலே வெறுத்தார்கள். அவ்வளவு பாடுபட்டும் தேவைக்குப் போதாது. 1757இல் பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவ், மறு ஆண்டே வங்காள நவாப் மீர் ஜாஃபரிடமிருந்து பீகார் வெடியுப்பின் ஏகபோகத்தைக் கம்பெனிக்கு வாங்கிக்கொண்டார். பிளாசி என்றால் வங்காளத்து வருவாய் என்றுதான் நாம் படித்தோம். உலகத்தின் ஆகச் சிறந்த வெடியுப்பு வயல் ஒரே கைக்குப் போனதும் அதே வெற்றியால்தான். டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் இனி கம்பெனி விட்டுக்கொடுத்தால்தான் வாங்க முடியும்.

பிரான்சுக்கு வலித்தது. ஏழாண்டுப் போரில் மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த அந்த நாடு, 1775இல் அரசாங்கமே நடத்தும் வெடிமருந்து நிர்வாகம் ஒன்றை அமைத்து, அதில் லவோசியேவை உட்கார வைத்தது. ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த அதே லவோசியேதான். உப்பை விளைவிப்பது எப்படி, சுத்தம் செய்வது எப்படி என்று ஆராய்ச்சி நடந்தது. சில ஆண்டுகளில் பிரான்சு பிறருக்கும் கொடுக்கும் நிலைக்கு வந்தது. அப்படிக் கொடுத்த மருந்தில்தான் அமெரிக்கா தன் விடுதலைப் போரின் முதல் ஆண்டுகளை ஓட்டியது. வாஷிங்டனின் படையிடம் சொந்த மருந்து மிகச் சொற்பம். நண்பனை நம்பவே கூடாது என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நண்பன் மருந்து தராமல் இருந்திருந்தால் அந்த நாடு பிறந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் விடுதலை கிடைத்தபின் அவர்கள் செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லவோசியேயிடம் வெடிமருந்துத் தொழில் கற்ற து பான் என்ற இளைஞர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1802இல் டெலாவேர் மாநிலத்தில் ஆலை போட்டார். அந்த நாட்டு அரசே அவருடைய முக்கியமான வாடிக்கையாளர் ஆனது. நண்பனிடம் முதலில் மருந்து வாங்கிய நாடு, பிறகு மருந்து செய்யத் தெரிந்த ஆளையே வாங்கிக்கொண்டது.

தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் வாழ்க்கையை, ஆயுதத்துக்கு நண்பனை நம்பியவனின் கதையாகவே படிக்கலாம். 1749இல் ஆம்பூர்ப் போரில் தகப்பன் அன்வருதீன் இறந்தபோது முகமது அலிக்குத் திருச்சிக் கோட்டைதான் மிச்சம். எதிராளி சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகமது அலி கம்பெனியின் கையைப் பிடித்தார், ஜெயித்தார். பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நவாப் என்ற பெயரோடு இருந்தார். பாதுகாப்பு கம்பெனிப் படை பார்த்துக்கொள்ளும், செலவு நவாபுடையது என்பது ஏற்பாடு. அந்தச் செலவுக்குப் பணமில்லாதபோது மாவட்டங்களின் வரியை எழுதிக் கொடுத்தார். அதுவும் போதாமல் கம்பெனியின் ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். படை தந்தவனும் கடன் தந்தவனும் ஒரே வீட்டுக்காரர்கள். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசிய நீண்ட உரை இந்தக் கொள்ளையைத்தான் கிழித்தது. 1792 உடன்படிக்கையில் பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் வேலை கம்பெனிக்குப் போனது. அவருக்குப் பின், 1801 ஜூலையில் நாடே போனது. எந்தப் போரிலும் கம்பெனியிடம் நவாப் தோற்கவில்லை. எதிர்த்து நிற்கச் சொந்தமாக எதுவும் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

இதே நாடகத்தில் யூசுப் கானின் கதை எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. மருதநாயகம் என்று நாம் சொல்கிற அதே ஆள். கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாக வளர்ந்து, 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்தார். இன்றைய விருதுநகர் மாவட்டம் அந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட நிலம். பாளையக்காரர்களை அடக்கியவர் 1763இல் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஒரு வல்லரசை எதிர்க்க இன்னொரு வல்லரசின் நிழல் வேண்டும் என்று எண்ணினார். மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் சிறு படையோடு உள்ளே இருந்தார். ஆனால் அந்த ஆண்டே ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் செய்துகொண்டுவிட்டன; கடல் வழியே வரவேண்டிய உதவிக்கு வாசல் அடைந்துவிட்டது. முதல் முற்றுகையை மதுரை தாங்கியது. இரண்டாவது முற்றுகையில் கோட்டைக்குள் பசி வந்தது. 1764 அக்டோபர் 13 அன்று அவருடைய திவான் சீனிவாச ராவும் மார்ஷானும் சேர்ந்து யூசுப் கானைப் பிடித்துக் கட்டினார்கள். 15ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். பிரான்சுக்கு அவர்மேல் பகை ஒன்றும் கிடையாது. அதன் கணக்கு வேறு கண்டத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. நண்பன் கைவிடுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. துரோகம் செய்ய வேண்டும் என்றுகூட யாரும் நினைப்பதில்லை.

சாத்தூருக்குத் தெற்கே ஏழாயிரம்பண்ணை இருக்கிறது. இன்று வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஊர்களில் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் அது ஒரு பாளையம். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் நின்றது. 1799இல் கம்பெனித் தளபதி பானர்மேன் படையெடுத்து வந்து, கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு பறிமுதல் செய்த பாளையங்களில் அதுவும் உண்டு. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. அதையும் மீறி, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியை மறுபடி கட்டி எழுப்பினார். 1801 மார்ச் 31 அன்று வந்த கம்பெனிப் படையை ஈட்டியும் வேல்கம்புமாக அடித்துத் துரத்தினார்கள். பெரிய பீரங்கிகள் வந்து சேரும்வரை கம்பெனி ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தது. மே 24 அன்று கோட்டை விழுந்தது. அந்தப் பீரங்கிகளின் வாயில் போன மருந்தின் முக்கால் பங்கு, இந்தியாவிலேயே ஏதோ ஒரு கிராமத்து மண்ணில் பூத்த உப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் தென்சீமையில் ஆயுதப் பயன்பாட்டையே ஒழித்தது.

திப்பு சுல்தானைப் பற்றிச் சொல்லாமல் இந்த உப்பின் கதை நகராது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கியபோது மைசூர் வாணங்கள் பறந்தன. கம்பெனியின் மருந்து வண்டிகள் வெடித்தன. மூங்கில் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாயில் கருமருந்தை இறுக்கிய அந்த வாணம், அவர்கள் சொந்தமாகச் செய்துகொண்டது. பிரெஞ்சுத் துணையோ அடுத்தவரிடம் வாங்கியது. இரண்டும் எப்படி நடந்துகொண்டன என்று பாருங்கள். 1783 கோடையில் கடலூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதிக்கொண்டிருந்தன. ஐரோப்பாவில் சமாதானம் என்ற செய்தி கப்பலில் வந்தது. கடலூரில் துப்பாக்கி ஓய்ந்தது. மங்களூர் முற்றுகையில் திப்புவோடு நின்ற பிரெஞ்சுக்காரர்களும் விலகிக்கொண்டார்கள். முற்றுகைப் பள்ளத்தில் திப்பு தனியே நின்றார். வாணங்கள் கடைசிவரை அவரோடு இருந்தன. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை லண்டனுக்குப் போய், வூல்விச் ஆயுதசாலையில் வில்லியம் காங்கிரீவ் கையில் மாற்றுருப் பெற்று, 1807இல் கோபன்ஹேகனை எரித்தன. 1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் போன அப்துல் கலாம், அங்கே சுவரில் மைசூர் வாணப் போர் ஓவியமாகத் தொங்குவதைக் கண்டதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

19ஆம் நூற்றாண்டில் வெடியுப்பின் அரசாட்சி சரிந்தது. சிலி நாட்டுப் பாலைவனத்தில் சோடியம் நைட்ரேட் மலைமலையாகக் கிடைத்தது. பிறகு பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் புகையில்லா மருந்து வந்து கருமருந்தைப் பீரங்கியிலிருந்து வெளியேற்றியது. நீலகிரியின் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தொடங்கிய கார்டைட் ஆலை இந்தப் புது மருந்துக்காகத்தான். 1914இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனிக்குச் சிலி நைட்ரேட் வராமல் தடுத்தது. ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அம்மோனியா எடுக்கக் கண்ட வழியும், அதைக்கொண்டு 1913இல் ஓப்பாவ் ஊரில் தொடங்கியிருந்த ஆலையும் இல்லாவிட்டால் ஜெர்மனியின் பீரங்கிகள் சீக்கிரமே ஓய்ந்திருக்கும். அது நல்லதாக முடிந்திருக்குமே என்று வருந்தலாம். ஆனால் கப்பல் பாதையை நம்பிய நாட்டுக்கும் ஆலையைக் கையில் வைத்திருந்த நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

பீரங்கியிலிருந்து விரட்டப்பட்ட உப்பு வேடிக்கைக்கு வந்தது. சிவகாசிக்கும் வந்தது.

மழை பொய்த்த ஊர், விவசாயம் நம்பிக்கையில்லாத மண். 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க ரயிலேறிக் கல்கத்தா போனார்கள். அப்போது இந்தியாவில் எரிந்த தீக்குச்சி பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. வாங்கி விற்கும் வியாபாரம் செய்து இருவரும் நன்றாகவே சம்பாதித்திருக்கலாம். மாதக்கணக்கில் அங்கே தங்கி, தொழிலின் கைப்பக்குவத்தைக் கற்றுத் திரும்பினார்கள். இயந்திரம் விலை கட்டாதபோது கையாலேயே செய்யும் முறையை ஊருக்குள் விரித்தார்கள். தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்புத் தீக்குச்சி, அதிலிருந்து கம்பி மத்தாப்பு, அதிலிருந்து பட்டாசு. வெடிபொருளுக்கான 1940 விதிகள் உரிமம் வாங்கிய ஆலைகளை உண்டாக்கின. இரண்டாம் உலகப்போர் வெளிநாட்டுப் பட்டாசை நிறுத்தியது. வெளியிலிருந்து வந்தது நின்ற நேரத்தில் இங்கே செய்யத் தெரிந்த கைகள் தயாராக இருந்தன. இன்று இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது.

இன்னும் ஒரு படி மேலே போன கதையும் இங்கே உண்டு. சிவகாசிக்காரர்கள் உலோகப் பவுடர் உற்பத்தியில் இறங்கியபோது ஜெர்மனியின் ஷ்லெங்க் நிறுவனத்தோடு கைகோத்தார்கள். அந்த உறவின் அடையாளம் சிவகாசியில் 1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரிலேயே இருக்கிறது. வெளிநாட்டு நண்பனோடான உறவு ஒரு கல்லூரியாக நிலைத்துப்போவது நல்ல உறவு என்றே சொல்வேன்.

இதைப் பெருமையாக மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சொந்தக் கையால் செய்வதன் விலையை இந்த மண் உடம்பால் கொடுத்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கவும் உதவவும் ஓடிய பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. ஆண்டுதோறும் செய்தித்தாளில் மருந்து அறை, உராய்வு, பலி என்ற அதே சொற்கள் வருகின்றன. தற்சார்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த அறைகளையும் நினைக்க வேண்டும். பட்டாசோ பீரங்கிக் குண்டோ, மருந்து கலக்கும் ஆபத்து ஒன்றுதான். அதை இறக்குமதி செய்யும்போது அந்த ஆபத்தை வேறு நாட்டுத் தொழிலாளியின் தலையில் வைக்கிறோம். இங்கே செய்யும்போது நம் ஊர்ப் பெண்களின் தலையில் வைக்கிறோம். நாட்டுக்காகச் செய்வது என்றால் பாதுகாப்பும் கூலியும் நாட்டின் பொறுப்பாக வேண்டும்.

சுதந்திர இந்தியா நண்பர்களை நம்பிய கதையின் ஒரு முனையும் விருதுநகரைத் தொட்டு நிற்கிறது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1961இல், ஆவடிக் கனரக வாகன ஆலை உருவானது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி வந்த டாங்கிக்கு விஜயந்தா என்று பெயர். 1965இல் ஆவடியிலிருந்து முதல் வண்டிகள் வெளிவந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியதும் அமெரிக்காவும் பிரிட்டனும் இரு நாட்டுக்கும் ஆயுத விநியோகத்தை நிறுத்தின. அதிகம் அடிபட்டது பாகிஸ்தான். அதன் பாட்டன் டாங்கியும் சேபர் விமானமும் அமெரிக்காவிலிருந்தே வந்தவை. உதிரிப்பாகம் வரும் வாசல் ஒரே நாளில் அடைந்தது. அந்தப் பாடத்தை நாமும் பக்கத்தில் நின்று பார்த்தோம். பார்த்தபின், ஒரு நண்பனை விட்டு இன்னொரு நண்பனிடம் போனோம். சோவியத் யூனியன் டி-72 தந்தது, ஆவடியில் கட்டவும் அனுமதித்தது, 1971 போரில் உறுதியாகப் பக்கத்தில் நின்றது. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. உதிரிப்பாக ஆலைகள் பல நாடுகளில் சிதறின. நண்பன் நல்லவனாகவே இருந்தான். அவன் இல்லாமல் போவான் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. அமெரிக்கத் தடை வந்தது. இலகு போர் விமானத்தின் கட்டுப்பாட்டு முறையை அமெரிக்காவில் உருவாக்கிக்கொண்டிருந்த நம் பொறியாளர்கள் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பிரிட்டனில் வாங்கியவை. உள்ளே அமெரிக்கப் பாகம் இருந்ததால் அவையும் முடங்கின. மறு ஆண்டு கார்கில். அன்றைய தரைப்படைத் தளபதி வி.பி. மாலிக், கையில் இருப்பதைக் கொண்டு போரிடுவோம் என்று வெளிப்படையாகவே சொல்ல நேர்ந்தது. அந்தப் போரில் மலைச்சிகரங்களை மீட்டுத் தந்த போபர்ஸ் பீரங்கி 1986இல் சுவீடனிடம் வாங்கியது. அதன் தயாரிப்பு வரைபடங்களும் அப்போதே நமக்கு வந்துவிட்டன. ஊழல் புகாரில் பீரங்கியின் பெயரே தீட்டாகி, அந்தத் தாள்கள் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தன. வெகு காலம் கழித்துத்தான் அவற்றை விரித்து தனுஷ் பீரங்கியைச் செய்தோம். அது 2019இல் படைக்குப் போனது. நண்பன் வித்தையைக் கொடுத்த பிறகும் கற்றுக்கொள்ளாமல் இருந்தது யார் குற்றம்?

இதில் என்னை ஆகவும் வருத்தும் ஊர் நாளந்தா. பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்துப் பொதிகளைச் செய்யும் ஆலைக்கு 1999இல் அங்கே அடிக்கல் நாட்டினார்கள். தொழில்நுட்பம் தருவதாக இருந்த தென்னாப்பிரிக்க நிறுவனம் லஞ்சப் புகாரில் கறுப்புப் பட்டியலுக்குப் போனது. பிறகு இஸ்ரேல் நிறுவனம். அதுவும் அதே வழியில் போனது. கடைசியில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகமே வழிமுறையை உருவாக்க வேண்டியதாயிற்று. ஒருகாலத்தில் ஐரோப்பாவின் போர்களுக்கெல்லாம் மருந்து உப்பு அனுப்பிய பீகார் அது. அங்கே நம் சொந்தப் பீரங்கிக்கு மருந்து செய்ய ஆண்டுக்கணக்கில் அந்நிய நிறுவனங்களின் வாசலில் நின்றோம். 2017இல் வெளியான தலைமைத் தணிக்கையாளர் அறிக்கைப்படி, படையின் 152 வகைக் குண்டு, மருந்துகளில் 61 வகை பத்து நாள் போருக்குக்கூடப் போதாத இருப்பில் இருந்தன.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும், 2018இல் நாம் ஒப்பந்தம் செய்த எஸ்-400 ஏவுகணைத் தொகுதிகளில் கடைசி இரண்டு தாமதமாயின. விற்றவனுக்கே போரில் தேவை அதிகம். 2025 மார்ச்சில் அமெரிக்கா உக்ரைனுக்கான ராணுவ உதவியைச் சில நாள் நிறுத்தி வைத்தது, போர் நடந்துகொண்டிருக்கும்போதே. ஐரோப்பா குண்டு உற்பத்தியைப் பெருக்க முனைந்தபோது எதிர்பாராத இடத்தில் தடுக்கியது. புகையில்லா மருந்துக்கு மூலப்பொருளான, பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு அங்கே பெருமளவு சீனாவிலிருந்து வருகிறது என்று தெரியவந்தது. பருத்தி வியாபாரத்தால் வளர்ந்த விருதுநகருக்கும், நூல் ஆலைகளால் வளர்ந்த ராஜபாளையத்துக்கும், காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் சத்திரப்பட்டிக்கும் அந்தப் பஞ்சு அந்நியமில்லை. பல நூறு கோடி ரூபாய்ப் பீரங்கிகளை வைத்திருந்தவர்களுக்குப் பஞ்சு இல்லை என்பது 21ஆம் நூற்றாண்டில் நடந்தது.

ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், 2009 முதல் 2013 வரை இந்தியா இறக்குமதி செய்த ஆயுதங்களில் 76 சதவீதம் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2019 முதல் 2023 வரை அது 36 சதவீதம். இடைவெளியைப் பிரான்சும் அமெரிக்காவும் இஸ்ரேலும் நிரப்பின. ஒரே நண்பனுக்குப் பதில் நான்கு நண்பர்கள் என்பது முன்னைவிட நல்லது. ஒருவன் கதவடைத்தால் மற்றவன் கதவு திறந்திருக்கும். ஆனால் வெடியுப்பின் பாதையைப் பார்த்தவனுக்கு அது போதாது. விமானத்தை நண்பனிடம் வாங்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டும், எல்லாவற்றையும் எந்த நாடும் தானே செய்ய முடியாது. போர் தொடங்கியபின் நாள்தோறும் எரிந்து தீரும் பொருளை, அதாவது குண்டையும் மருந்தையும் உதிரிப்பாகத்தையும், வெளியே வைக்கக் கூடாது. நண்பனிடம் விலை பேசும்போது எத்தனை டாங்கி என்று கேட்பதற்கு முன், எத்தனை பேருக்குக் கற்றுத்தருவாய் என்று கேட்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் சிவகாசியின் மருந்து அறையிலேயே இன்னும் தீராத ஒரு கணக்கு இருக்கிறது. இன்றைய வெடியுப்பு கிராமத்து மண்ணில் பூப்பதில்லை, ரசாயன ஆலையில் பிறக்கிறது. அதற்கு வேண்டிய பொட்டாசியம் பொட்டாஷ் தாதுவிலிருந்து வருவது. வெட்டி எடுக்கப்படும் பொட்டாஷ் சுரங்கம் இந்தியாவில் இல்லை. வயலுக்குப் போடும் உரத்துக்கும் கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல் நாடுகளைத்தான் நம்பியிருக்கிறோம். 2022இல் பெலாரஸ் மேல் தடை இறுகியதும் உலகச் சந்தையில் பொட்டாஷ் விலை எகிறியதை விவசாயிகள் அறிவார்கள். உலகத்துக்கே வெடியுப்பு கொடுத்த நாடு அதன் மூலப்பொருளுக்குக் கப்பல் வரும் திசையைப் பார்த்து நிற்கிறது.

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. கடல்நீரில் உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் பொட்டாசியம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் முறையைப் பவநகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. சர்க்கரை ஆலைகளின் வடிப்பாலைக் கழிவைச் சுட்ட சாம்பலிலிருந்தும் பொட்டாஷ் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சிவகாசியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் தூத்துக்குடி உப்பளங்கள் கிடக்கின்றன. அங்கே உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரை வீணாக்காமல் சேர்த்து ஒரு மாதிரி ஆலை போட்டுப் பார்க்க, எந்த நட்பு நாட்டின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை.